ஸ்நார்க் என்னும் மரக்கலம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

'கானகத்தின் குரல்' என்னும் நாவலைப் பெரியசாமித் தூரனின் தமிழில் படித்தவர்கள் நம் கல்லூரியில் பலர் இருக்கக்கூடும். பக் என்ற நாயின் கதை அது. அதை எழுதிய ஜாக் லண்டனின் வாழ்க்கையைச் சொல்ல வருவோர், அவர் பனி மூடிய வடநாட்டுக்குத் தங்கம் தேடிச் சென்றதையும் வெறுங்கையோடு திரும்பி எழுத்தாளரானதையும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அவரும் அவர் மனைவி சார்மியன் அம்மையாரும் ஒரு பாய்மரக் கலத்தைக் கட்டி, ஏழாண்டுகள் உலகைச் சுற்றி வருவதென்று புறப்பட்ட வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தப் பயணத்தைக் காட்டிலும் அதற்காக அவ்விருவரும் ஆயத்தமான இரண்டாண்டுகளே என் உள்ளத்தை ஈர்த்தன. ஆதலின் அவற்றைப் பற்றியே மிகுதியும் எழுதுகிறேன்.

ஜாக் லண்டன் 1876-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். பெற்ற தந்தை அவரைப் பேணவில்லை. தாய் மணந்துகொண்ட ஜான் லண்டன் என்பவரின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. குழந்தையைப் பாலூட்டி வளர்த்தவர் வர்ஜீனியா பிரென்டிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி; அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். வீட்டில் வறுமை. பதினான்கு வயதிலேயே ஓக்லண்டு நகரில் பழங்களையும் காய்களையும் டப்பாவில் அடைக்கும் ஆலையில் மணிக்குப் பத்து சென்ட் கூலிக்கு வேலை. நாள்தோறும் பத்து மணிநேரத்துக்குக் குறைவதில்லை. பல நாள்களில் அதற்கும் மேல். அந்த ஆலையிலிருந்து தப்ப அவர் கண்ட வழி கடல்தான். வளர்ப்புத்தாய் வர்ஜீனியாவிடம் 300 டாலர் கடன் வாங்கி, பதினைந்தாவது வயதில் ஒரு சிறு பாய்மரப் படகை விலைக்கு வாங்கினார். அதை வைத்துக்கொண்டு செய்த தொழிலோ இரவில் பிறர் வளர்த்த சிப்பிகளைத் திருடி விற்பது! பிறகு மீன்வளக் காவலரோடு சேர்ந்து அந்தத் திருடர்களையே பிடிக்கப் போனார்.

1893-இல், பதினேழு வயதில், கடல்நாய் வேட்டைக்குச் செல்லும் 'சோஃபியா சதர்லண்ட்' என்ற பாய்மரக் கப்பலில் மாலுமியாக ஜப்பான் கரை வரை சென்றார். அங்கே பெரும்புயல் ஒன்றில், ஏறத்தாழ ஒரு மணிநேரம் அவர் ஒருவரே சுக்கான் சக்கரத்தைப் பிடித்து நின்றார். பிற்காலத்தில் எத்தனையோ நூல்கள் எழுதிப் புகழடைந்தும், தம் வாழ்வின் பெருமைமிக்க நேரமாக அவர் கருதியது அந்த ஒரு மணிநேரத்தையே. ஊர் திரும்பியபின் சணல் ஆலையில் நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலி. அப்போது நாளேடு ஒன்று நடத்திய கட்டுரைப் போட்டிக்கு, தாயின் தூண்டுதலால், அந்தப் புயலைப் பற்றி எழுதி அனுப்பினார். முதற்பரிசு 25 டாலர். அதாவது, சணல் ஆலையில் இருபத்தைந்து நாள் உழைப்பின் கூலி சில இரவு எழுத்தில் வந்துவிட்டது. இந்தக் கணக்கு அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

பத்தொன்பது வயதில் சிறுவர்களோடு உட்கார்ந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1896-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு பருவம் முடிந்ததும், பணமின்மையால் விலக நேர்ந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்களுக்கு இந்த ஒரு வரியைத் தாண்டிச் செல்லுதல் எளிதன்று. ஆனால் ஜாக் லண்டன் அதைப் பற்றிப் புலம்பிக்கொண்டு நிற்கவில்லை. நூலகமே அவர் கல்லூரியாயிற்று. எந்தக் கலையையும் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு தாமே கற்றுவிடலாம் என்ற துணிவு அவருக்கு அப்போது வந்ததுதான். அந்தத் துணிவு பின்னர் நடுக்கடலில் ஆறு உயிர்களைக் காத்தது என்பதை வாசகர்கள் காணப் போகிறார்கள்.

1903-இல் 'கானகத்தின் குரல்' வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அதன் உரிமையை 2,000 டாலருக்கு அவர் பதிப்பகத்துக்கு விற்றுவிட்டார்! அவ்வாண்டிலேயே ஒரு சிறு பாய்மரப் படகை வாங்கினார் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. முதல் மனைவியோடு மணவாழ்க்கை முறிந்து, 1905 நவம்பர் 19 அன்று சிகாகோ நகரில் சார்மியன் கிட்ரெட்ஜை மணந்தார். முதல் மனைவிக்கும் இரு பெண் குழந்தைகளுக்கும் நேர்ந்த துன்பத்தை அவர் வரலாற்றை எழுதுவோர் மறைத்தல் கூடாது. எனினும் அது வேறொரு கட்டுரைக்கு உரியது.

சார்மியன் கணவரைவிட நான்கு வயதுக்கு மேல் மூத்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்து, தாயின் உடன்பிறந்தவரான நினெட்டா ஈம்ஸ் என்பவரிடம் வளர்ந்தார். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, அலுவலகத்தில் பணியாற்றித் தம் சொந்த ஊதியத்தில் வாழ்ந்தவர். குதிரையேற்றத்தில் வல்லவர், பியானோ வாசிப்பார். அக்காலப் பெண்களிடம் சமூகம் எதிர்பார்த்த அச்சமும் நாணமும் அவரிடம் சற்றுக் குறைவு என்றே ஊரார் பேசினர்.

பயணத்தின் விதை 1905 கோடையில் விழுந்தது. சோனோமா பள்ளத்தாக்கில் கிளென் எல்லன் என்ற சிற்றூர். நீந்திவிட்டு வெயிலில் அமர்ந்திருந்தபோது அவர்களின் பேச்சு ஜோஷுவா ஸ்லோகம் எழுதிய நூலின்பால் சென்றது. ஸ்லோகம் 1895 ஏப்ரல் முதல் 1898 ஜூன் வரை, 'ஸ்ப்ரே' என்ற சுமார் 37 அடிப் படகில், உலகிலேயே முதன்முதலாகத் தன்னந்தனியே பூமியைச் சுற்றி வந்த மாலுமி. அவரால் முடிந்தால் நம்மால் ஏன் முடியாது என்று எழுந்தது பேச்சு. முதலில் வீடு கட்டி, தோட்டம் போட்டு, சில ஆண்டுகள் கழித்துப் போகலாம் என்று எண்ணினர். இளமை காத்திராதே, இப்போதே ஏன் போகக்கூடாது என்ற எண்ணத்தை முன்வைத்தவர் சார்மியன் அம்மையாரே. ஹவாய், தென்கடல் தீவுகள், ஆஸ்திரேலியா, ஜப்பான், சீனம், இந்தியா, செங்கடல், ஐரோப்பா என்று நீண்டது திட்டம். அவர்கள் நினைத்தபடி நடந்திருந்தால் ஸ்நார்க் நம் நாட்டுக் கரைக்கும் வந்திருக்கும்.

ஸ்லோகம் தம் படகைத் தம் கையாலேயே புதுப்பித்தார். அதற்கு ஆன பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்புப் பதின்மூன்று மாதம். ஜாக் லண்டன் தம் கலத்துக்கு ஒதுக்கிய தொகை 7,000 டாலர், உழைப்பு பிறருடையது. இவ்வேறுபாட்டைப் பின்னால் வருவனவற்றோடு சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

கலத்தின் அமைப்பை ஜாக் தாமே ஆராய்ந்து வகுத்தார். நீர்மட்டத்தில் 45 அடி நீளம். 15 அடி அகலம். இரண்டு பாய்மரங்கள், முன்னது பெரிது, பின்னது சிறிது. சிலரே சேர்ந்து பாய்களை ஏற்றவும் இறக்கவும் இம்முறை ஏற்றது என்பது அவர் முடிவு. மேல்தளத்தில் அறை எதுவும் எழுப்பவில்லை. பேரலை வந்து மோதினால் அடித்துக்கொண்டு போக அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது என்பது காரணம். தளத்துப் பலகைகளில் இடையில் ஒட்டு இருந்தால் அதன் வழியே நீர் கசியும் அல்லவா? ஆகவே ஒட்டே இல்லாத நெடும்பலகைகளை வடக்கே பியூஜெட் சவுண்டு பகுதியிலிருந்து தருவித்தார். அடியில் ஓட்டை விழுந்தாலும் நீர் ஒரு பகுதியோடு நிற்கும்படி குறுக்குச் சுவர்கள். காற்று ஓய்ந்தால் ஓட்டுவதற்கு 70 குதிரைத்திறன் எந்திரம் நியூயார்க்கிலிருந்து வந்தது. விளக்குக்கும் விசிறிக்கும் நங்கூரம் தூக்குவதற்கும் மின்சாரம் தர வேறொரு சிறிய எந்திரம். இவற்றோடு ஒரு குளியலறை. அதிலுள்ள குழாய்களையும் நெம்புகோல்களையும் பற்றி அவர் இரவில் கண்விழித்துச் சிந்தித்தாராம்!

கலத்துக்குப் பெயர் வைத்தது வேடிக்கை. லூயிஸ் கரோல் எழுதிய வேடிக்கைப் பாட்டு ஒன்றில் ஸ்நார்க் என்ற, யாரும் கண்டிராத பிராணி வருகிறது. அதை வேட்டையாடத்தான் ஒரு கூட்டம் கப்பலேறுகிறது. வேறு நல்ல பெயர் எவரும் சொல்லாவிட்டால் இதுவே பெயர் என்றார் ஜாக். அப்படியே நிலைத்துவிட்டது.

கலத்தின் அடியில் பாரத்துக்காகப் பொருத்தும் இரும்புக் கட்டையை வார்ப்பதற்குக் குறித்த நாள் 1906 ஏப்ரல் 18. அன்று விடியற்காலை ஐந்து மணி கடந்து சில நிமிடங்களில் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கம்! கிளென் எல்லனில் அதிர்ச்சியில் விழித்த கணவனும் மனைவியும் குதிரைகளில் ஏறிக் குன்றின்மேல் சென்று பார்த்தபோது, தொலைவில் நகரம் இருந்த திசையில் புகை எழுந்துகொண்டிருந்தது. அன்றே நகரத்தை அடைந்து, இரவு முழுதும் எரியும் தெருக்களில் இருவரும் நடந்தனர். கண்டதை எழுதித் தருமாறு ஒரு வார இதழ் தந்தி அடித்தது: 2,500 சொற்கள், சொல்லுக்கு 25 சென்ட். அப்பணம் 625 டாலர். ஸ்லோகம் தம் படகு முழுவதற்கும் வாங்கிய பொருள்களின் விலையைவிட அந்த ஒரு கட்டுரையின் கூலி அதிகம். ஆயினும் ஸ்நார்க்கின் பசிக்கு அது ஒரு கவளமாகவே முடிந்தது.

ஏனெனில் நிலநடுக்கத்தால் இரும்பாலைகள் எரிந்தன, மரக்கிடங்குகள் சாம்பலாயின. நகரத்தையே மீண்டும் கட்ட வேண்டியிருந்ததால் தச்சரும் கொல்லரும் கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்த பொருளின் விலையோ நாளுக்கு நாள் ஏறிற்று. புறப்பாடு 1906 அக்டோபர் 1 என்று குறித்தது நவம்பராயிற்று, டிசம்பராயிற்று, புத்தாண்டும் பிறந்துவிட்டது. நாளேடுகள் கேலி செய்தன. நண்பர்கள் ஸ்நார்க் புறப்படாது என்று பந்தயம் கட்டி வென்றார்கள். 7,000 டாலர் என்ற மதிப்பீடு முடிவில் 30,000 டாலரைத் தொட்டது.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? முன்னோர் சொத்து ஒன்றும் இல்லை. நாள்தோறும் காலையில் ஆயிரம் சொற்கள் எழுதுவது ஜாக் லண்டனின் விரதம். சொல்லுக்குப் பத்து சென்ட் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 30,000 டாலருக்கு மூன்று லட்சம் சொற்கள். அதாவது முந்நூறு காலைப்பொழுதுகள். கலம் கட்டப்பட்ட அந்த மாதங்களில்தான் 'இரும்புக் குதிகால்' என்று பொருள்படும் அரசியல் நாவலை எழுதினார். தாம் ஊரூராய்த் திரிந்த அனுபவங்களையும் அப்போதுதான் எழுதி முடித்தார். எழுதிய ஒவ்வொரு தாளையும் பிழை நீக்கித் தட்டச்சு செய்தவர் சார்மியன் அம்மையார். கடிதங்களுக்கு விடை எழுதியவரும் அவரே. ஸ்நார்க்கின் ஒவ்வொரு பலகையிலும் அவர் விரல்களின் உழைப்பும் இருக்கிறது. ஆனால் நாளேடுகள் அதை ஜாக் லண்டனின் படகு என்றே எழுதின. இன்று எழுதுவோரும் பெரும்பாலும் அப்படியே.

கலத்தைக் கட்டும் பணியை மேற்பார்வையிட்டவர் யார் என்பதில்தான் சிக்கல். எழுதுவதை விட்டால் பணம் வராது. ஆகவே ஜாக் தாமே பட்டறையில் நிற்க முடியவில்லை. நினெட்டா அம்மையாரின் கணவர் ராஸ்கோ ஈம்ஸ் அப்பொறுப்பை ஏற்றார். வயது அறுபதை ஒட்டியவர். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் சிறு படகுகள் ஓட்டிப் பழகியவர். ஸ்நார்க்கை வழிநடத்திச் செல்லும் மாலுமியாகவும் அவரே வருவதாக ஏற்பாடு. மனிதர் நல்லவர்தாம். ஆனால் பூமி உள்ளே வெறுமையான ஓர் உருண்டை, அதன் உட்புறத்தில்தான் நாமெல்லாம் வாழ்கிறோம் என்பது அவருடைய உறுதியான கொள்கை! பூமியின் வடிவத்தைப் பற்றியே இப்படி எண்ணுபவரை நம்பி அதைச் சுற்றிவரப் புறப்பட்டார்களே என்று நமக்குச் சிரிப்பு வருகிறது. உறவுமுறை கண்ணை மறைப்பது எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

இதற்கிடையில் உடன்வர விரும்பி எழுதியவர்களின் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. மருத்துவர், ஆசிரியர், ஓய்வுபெற்ற செல்வர், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலரும் ஊதியமே வேண்டாம் என்றனர். கான்சஸ் மாநிலத்து இளைஞர் மார்ட்டின் ஜான்சன் அவர்களில் ஒருவர். சமைக்கத் தெரியுமா என்று ஜாக் தந்தி மூலம் கேட்டதற்குத் தயங்காமல் ஒப்புக்கொண்டு விடை அனுப்பினார். அதன்பிறகே ஊரிலிருந்த ஓர் உணவு விடுதிக்குப் போய்ச் சமையல் கற்றார்! இறுதிவரை கலத்தை விட்டு நீங்காமல் உழைத்தவர் அவர்தான். பிற்காலத்தில் ஆப்பிரிக்க வனவிலங்குகளைத் திரைப்படமெடுத்து உலகப் புகழ் பெற்றார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் ஹெர்பர்ட் ஸ்டோல்ஸ், பணியாளராகத் தோச்சிகி என்ற ஜப்பானிய இளைஞர் ஆகியோரோடு மொத்தம் ஆறு பேர்.

1907 பிறந்தபின் துன்பங்கள் வரிசையாக வந்தன. விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த ஸ்நார்க், மரம் ஏற்றும் இரண்டு பெரிய தெப்பங்களுக்கு நடுவே அகப்பட்டு நசுங்கிற்று. அதைச் செப்பனிட மேலே இழுத்தபோது தாங்குகட்டைகள் பிளந்துகொள்ள, பின்புறமாகச் சேற்றில் விழுந்து புதைந்தது. நீராவி இழுவைப் படகுகள் இரண்டு, கடல் ஏற்றம் பார்த்துப் பார்த்து ஒரு வாரம் இழுத்து மீட்டன. பெரிய எந்திரத்தைச் சோதித்தபோது அதன் அடித்தட்டு உடைந்தது. நங்கூரம் தூக்கும் பொறியின் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்றன. உடைந்த எந்திரத்தைக் கயிற்றால் கட்டிப் பாரமாக வைத்துக்கொண்டு ஹவாயில் செப்பனிடலாம் என்று முடிவு செய்தனர். மிக உயர்ந்த சரக்கு வேண்டும் என்று கேட்டு, அதற்குரிய விலையையும் கொடுத்து, மட்டமான சரக்கைப் பெற்றதுதான் அவர் கண்ட பலன். முதலாளிகளின் சூழ்ச்சியை மேடைதோறும் முழங்கியவர் தம் கணக்குப் புத்தகத்தை ஒருநாளேனும் கூர்ந்து பார்த்தாரா என்பது எனக்கு ஐயமே.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை புறப்பட வேண்டும். காசோலைப் புத்தகமும் பேனாவும் மை ஒற்றும் தாளும் தங்க நாணயங்களுமாக ஜாக் கலத்தில் அமர்ந்து, பாக்கி உள்ள வணிகர்கள் வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருந்தார். வந்தவரோ அரசாங்க அதிகாரி! இருநூற்றுச் சொச்சம் டாலர் கடனுக்காக ஒருவர் தொடுத்த வழக்கின் ஆணையைப் பாய்மரத்தில் ஒட்டிவிட்டுப் போனார். ஆயிரக்கணக்கில் தம்மிடம் பெற்றவர் இந்தச் சிறு தொகைக்குக் கப்பலையே முடக்கினாரே என்று ஜாக் திகைத்தார். விடுமுறை நாள்கள் கழிந்து கடன் தீர்ந்தபின், 1907 ஏப்ரல் 23 அன்று ஓக்லண்டிலிருந்து ஸ்நார்க் பாய்விரித்தது.

இந்த நிலையில் ஏன் புறப்பட வேண்டும்? நின்று, மீண்டும் பிரித்துக் கட்டியிருக்கலாமே? வாங்கிய பணமெல்லாம் அதில் போய்விட்டது; இதழ்களுக்குப் பயணக் கட்டுரைகள் தருவதாக ஒப்பந்தமும் செய்தாயிற்று. இன்னும் ஒரு மாதம் நின்றிருந்தால் அந்தக் கலம் கரையிலேயே மக்கிப் போயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. துறைமுகத்தில் மிதந்தது, ஆகவே கடலிலும் மிதக்கும் என்று நம்பிப் போய்விட்டார்கள்.

பொன்வாயிலைக் கடந்ததும் உண்மை வெளிப்பட்டது. அடியில் கசிந்தது; பக்கங்களில் கசிந்தது. நீரைத் தானே வெளியேற்ற வேண்டிய சுக்கான் பள்ளத்திலும் நீர் நின்றது. குறுக்குச் சுவர்கள் நீரைத் தடுக்கவில்லை. மண்ணெண்ணெய் ஒழுகிக் காய்கறிகளில் ஊறிற்று. முட்டைக்கோசும் பீட்ரூட்டும் அழுகிக் கடலுக்குப் போயின. மக்கிய சாக்குகளில் கட்டி வந்த கரி கிழிந்து கொட்டி, தளத்து நீர்த்துளைகளின் வழியே கடலில் கலந்தது. இரவெல்லாம் கனவு கண்ட குளியலறை முதல் இருபத்து நான்கு மணிநேரத்திலேயே பழுதாயிற்று! ஏறத்தாழ எல்லாருக்கும் கடல்நோய். நாள்தோறும் இறைக்காவிட்டால் மூழ்கும் நிலை.

எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. புயற்காற்றில் சிறு கலங்கள் பாயைச் சுருக்கி, மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, நின்ற இடத்திலேயே மிதந்து தப்பிக்கும். ஸ்நார்க் அவ்வாறு நிற்க மறுத்தது. அலைகளின் பள்ளத்தில் குறுக்காகப் படுத்துப் புரண்டது. அந்த அழகிய முகப்புக்காக எத்தனை பணம் செலவிட்டிருந்தார்! பாய்களை மாற்றி மாற்றிக் கட்டியும் பயனில்லை. காற்று இன்னும் வலுத்திருந்தால் இந்த வரலாற்றை எழுத அவர்களில் ஒருவரும் எஞ்சியிருக்க மாட்டார்.

வழிகாட்ட வந்த ராஸ்கோவோ செக்ஸ்டன்ட் கருவியை எடுத்துக்கொண்டு தளத்தில் நிற்கும்போது யாரும் அணுக முடியாத பூசாரியைப் போல் ஆகிவிட்டார். கலம் எங்கே இருக்கிறது என்பது ஏதோ மறைபொருள் என்பதுபோல் நடந்துகொண்டார். ஜாக் லண்டனுக்குப் பொறுக்கவில்லை. நூலை எடுத்து ஒரு பிற்பகல் உட்கார்ந்து படித்தார். விஷயம் நம் மாணவர்கள் எவரும் அறியக்கூடியதே. நம் இயற்பியல் ஆய்வகங்களில் கட்டடத்தின் உயரத்தை அளக்கும் அதே செக்ஸ்டன்டால், நண்பகலில் சூரியன் அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். அதை 90-இலிருந்து கழித்து, அந்த நாளுக்குரிய சூரியனின் சாய்வைப் பட்டியலில் பார்த்துக் கூட்டவோ கழிக்கவோ செய்தால் அகலாங்கு கிடைத்துவிடும். கோணத்தில் ஒரு கலை என்பது கடலில் ஒரு கடல்மைல். நெட்டாங்குக்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும். நிலநடுக்கோட்டருகே அது நான்கு நொடி தவறினால் ஒரு கடல்மைல் தவறும். அவ்வளவுதான் மறைபொருள்! கற்ற முதல் நாள்களில் தமக்கும் அந்தப் பூசாரிச் செருக்கு வந்ததை ஜாக் பின்னர்ச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். ஆனால் ராஸ்கோவைப் போல் அதை மூடிவைக்கவில்லை, கேட்டவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

சார்மியன் அம்மையார் இரவும் பகலும் முறைபோட்டு மற்றவரைப் போலவே சுக்கான் பிடித்தார். நீண்ட அங்கி அணிவதே பெண்ணுக்கு அழகு என்று சொல்லப்பட்ட காலம் அது. கடல்நோயிலும் தட்டச்சுப் பொறியை விடவில்லை. ஜாக் நடுக்கடலிலும் தம் ஆயிரம் சொற்களை எழுதினார். இவர் அவற்றைத் தட்டச்சு செய்தார். கடல் எழுந்தாலும் விழுந்தாலும் ஹவாயில் செப்பனிடும் செலவுக்குப் பணம் வேண்டுமல்லவா?

ஸ்நார்க் மூழ்கிவிட்டது, அனைவரும் இறந்தனர் என்று கரையில் நாளேடுகள் எழுதிக்கொண்டிருந்தபோது, 27 நாள் கடந்து 1907 மே 20 அன்று அது ஹவாயின் முத்துத் துறைமுகத்தை அடைந்தது. ராஸ்கோ ஊருக்கு அனுப்பப்பட்டார். கலத்தைச் செப்பனிட மேலும் ஐந்து மாதங்கள் ஆயின. அந்த இடைவேளையில் மொலகாய் தீவில் தொழுநோயாளர் குடியிருப்புக்குக் கணவனும் மனைவியும் சென்று தங்கி, அம்மக்கள் பேய்களல்லர், நம்மைப் போன்ற மனிதரே என்று உலகுக்கு எழுதினார் ஜாக்.

அக்டோபர் 7 அன்று ஹிலோ துறையிலிருந்து மார்க்கேசாஸ் தீவுகளை நோக்கிப் புறப்பட்டனர். எதிர்க்காற்றால் பாய்மரக் கலத்துக்கு ஏலாத வழி என்று கடல்வழி நூல்கள் கூறிய பாதை. நடுவழியில் குடிநீரில் பாதி வீணாகி, ஆளுக்கு அளந்து கொடுத்துத் தவித்தபோது மழை பெய்து காத்தது. 60 நாள் கழித்து நுகுஹிவா தீவைக் கண்டனர். ஜாக் நூல் பார்த்துக் கற்ற கணக்கு தவறவில்லை.

பிறகு தாஹிதி, சமோவா, ஃபிஜி, சாலமன் தீவுகள் எனப் பயணம் நீண்டது. அங்கெல்லாம் கண்ட மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் பரிவும் உண்டு. வெள்ளையினமே உயர்ந்தது என்ற அக்காலத்து ஆணவமும் உண்டு. உழைப்பாளிக்காக உருகியவர், கறுப்பினத் தாயிடம் பாலுண்டு வளர்ந்தவர், இவ்விஷயத்தில் ஏன் இப்படி இருந்தார் என்று வியக்காமல் இருக்க முடியவில்லை. சாலமன் தீவுகளில் ஆறாத புண்களும் குளிர்காய்ச்சலும் எல்லாரையும் வாட்டின. ஜாக்கின் கைகள் வீங்கித் தோல் அடுக்கடுக்காக உரிந்தது. கயிறு பிடிக்கவும் இயலவில்லை. 1908 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவமனையில் படுத்தார். ஏழாண்டுப் பயணம் இரண்டாண்டும் நிறைவதற்குள் கைவிடப்பட்டது. வேண்டாம் என்று முடிவு செய்தபோது மிகவும் வருந்தியவர், முதன்முதலில் இப்போதே போகலாம் என்று சொன்ன சார்மியன் அம்மையாரே.

ஸ்நார்க் கட்டிய விலையில் ஒரு சிறு பங்குக்கு விற்கப்பட்டு, அந்தத் தீவுகளுக்கிடையே வணிகக் கலமாக ஓடியது. ஊர் திரும்பியபின் 1910-இல் 'ரோமர்' என்ற பழைய சிறு பாய்மரப் படகை இருவரும் வாங்கினர். எந்திரப் பெருமையோ குளியலறைக் கனவோ இல்லாத அந்தப் படகில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலும் அதில் வந்து கலக்கும் ஆறுகளிலும் வாரக்கணக்கில் சுற்றினர். ஜாக் எழுதிய ஸ்நார்க் பயண நூல் 1911-இல் வந்தது. நாள்தவறாமல் கலத்தில் எழுதிவைத்த தம் குறிப்புகளைத் தொகுத்து, சார்மியன் 1915-இல் தனியொரு நூலாக வெளியிட்டார். கணவர் ஒரு பத்தியில் கடந்து போன பல நாள்கள் அதில் மணிக்கணக்கோடு இருக்கின்றன: யார் சுக்கான் பிடித்தார், எத்தனை முறை நீர் இறைத்தார்கள், அன்று எத்தனை சொற்கள் எழுதப்பட்டன என்பது வரை.

அடுத்த ஆண்டு, 1916 நவம்பர் 22 அன்று, ஜாக் லண்டன் நாற்பதாம் வயதில் கிளென் எல்லனில் காலமானார். சார்மியன் அம்மையார் மேலும் 38 ஆண்டுகள் வாழ்ந்து, 1955-இல் மறைந்தார். கணவருடைய நூல்களையும் தென்கடல் தீவுகளிலிருந்து இருவரும் கொண்டுவந்த பொருள்களையும் வைப்பதற்கென அவர் அங்கே ஒரு கல்வீடு கட்டினார். இன்று அது காட்சிக்கூடமாக இருக்கிறது.